ஏழாவது நகர்வில் யானை: ஓர் இத்தாலியன் ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

தவறான காயை முதலில் தொட்டதால் திசைமாறிய இந்த ஆட்டம் பாலக்காடு மாவட்டத்தில் ஓணம் விடுமுறையில் நடந்த ஒரு சிறுவர் சதுரங்கப் போட்டியில் ஆடப்பட்டது. அந்த மண்டபத்தில் நான் துணை நடுவர்களில் ஒருவன். ஆடியவர்கள் இருவரும் சிறுவர்கள் என்பதால் பெயர், பள்ளி, போட்டியை நடத்தியவர்கள் என எதையும் குறிப்பிடவில்லை. நகர்வுகள் இருவருடைய ஸ்கோர் ஷீட்டுகளிலிருந்தும் எடுத்து ஒப்பிடப்பட்டவை. சிறுமியின் பெற்றோரும் அவளுடைய வகுப்பு ஆசிரியரும் இதை எழுத ஒப்புக்கொண்டார்கள்.

பின்னணி

வெள்ளைக் காய்களுடன் ஆடியவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. ஊர் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமம். சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியிலும் பல பிள்ளைகளுக்குத் தமிழ்வழிப் பாடம். சந்தைக்குப் பொள்ளாச்சி, அரசாங்கக் காரியத்துக்குப் பாலக்காடு. அவளுடைய அப்பா தேங்காய் வியாபாரி. வாரத்தில் பாதி நாள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்.

அவள் சதுரங்கம் கற்றது மூன்று இடங்களில். முதலில் தாத்தாவிடம். தாத்தா ஆடியது பழைய நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து இடம் மாறுவது) என்பதே இல்லை. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்ற மீர் சுல்தான் கானும் இத்தகைய இந்திய ஆட்டத்தில் வளர்ந்து, பிறகு ஐரோப்பிய விதிகளுக்கு மாறியவர்தான். தாத்தாவின் ஆட்டத்தைத் திருத்தியவர் அப்பா. கேஸ்லிங்கை அவர் இப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: “யானையை ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வை; ராஜா அதைத் தாண்டி அந்தப் பக்கம் உட்காரட்டும்.” காய்கள் கடைசியில் போய் நிற்கும் இடம் சரி. எந்தக் காயை முதலில் தொடுவது என்பதுதான் தலைகீழ்.

மூன்றாவது இடம் கைப்பேசி. அதில் ராஜாவை இரண்டு கட்டம் இழுத்தால் யானை தானாகவே வந்து நின்றுவிடும். அவள் ஆடிய ஆட்டங்களில் பெரும்பகுதி கைப்பேசியில் ஆடியவை. ஊர் வாசகசாலை மாடியில் வார இறுதியில் நடக்கும் வகுப்பில் பலகை உண்டு, ஆனால் அங்கே ஓப்பனிங்கும் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) புதிர்களும்தான் பாடம். பிள்ளைகள் தங்களுக்குள் ஆடும்போது யார் எதை முதலில் தொட்டார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. ஒருவன் யானையை எடுத்துவிட்டு ராஜாவை எடுத்தால், கேஸ்லிங் செய்கிறான் என்று எதிரிலிருப்பவனுக்குப் புரியும், ஆட்டம் போய்க்கொண்டிருக்கும். இப்படித்தான் அந்தப் பழக்கம் யார் கண்ணிலும் படாமல் சில ஆண்டுகள் அவள் கையில் தங்கியிருந்தது.

கறுப்புக் காய்களுடன் ஆடியவன் அவளைவிட ஓரிரு வயது மூத்தவன். மாவட்டத்தின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவன், ரேட்டிங்கும் கூடுதல். போட்டிகளில் பழகியவன் என்பது அவன் கடிகாரத்தைத் தொடும் விதத்திலேயே தெரிந்தது.

நேரக் கட்டுப்பாடு ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடுதல். நடந்த இடம் ஒரு பள்ளியின் கலையரங்கம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்று பலமாக இருந்ததால் ஸ்கோர் ஷீட் பறக்காமலிருக்கப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டில்களை அதன் மேல் வைத்திருந்தார்கள்.

ஓப்பனிங்

ஆட்டம் இத்தாலியன் என்ற ஓப்பனிங்கில் தொடங்கியது. (கட்டங்களின் பெயரில் ஏ முதல் எச் வரை நெடுக்கு வரிசை, 1 முதல் 8 வரை குறுக்கு வரிசை; முதலில் வருவது வெள்ளையின் நகர்வு, அடுத்தது கறுப்பின் நகர்வு; காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்ந்தது சிப்பாய்.)

1. இ4 இ5
2. குதிரை எஃப்3, குதிரை சி6
3. மந்திரி சி4, மந்திரி சி5
4. சி3, குதிரை எஃப்6
5. டி3 டி6
6. எச்3, கறுப்பு ராஜா பக்கம் கேஸ்லிங்

இத்தாலியன், பதிவாகியிருக்கும் ஓப்பனிங்குகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இத்தாலிய ஆட்டக்காரர் கிரெக்கோ எழுதிவைத்த ஆட்டங்களில் இதன் கூர்மையான வடிவங்கள் இருக்கின்றன. டி3 போட்டு மெதுவாக ஆடும் இந்த வடிவம் நெடுங்காலம் சிறுவர்களுக்கான ஆட்டம் என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் காஸ்பரோவுக்கு எதிராக கிராம்னிக், ஸ்பானிஷ் ஓப்பனிங்குக்குப் பதிலாக ஆடப்படும் பெர்லின் தடுப்பைக் கொண்டுவந்து அதை உடைக்க முடியாத சுவராக்கிய பிறகு, ஸ்பானிஷ் ஓப்பனிங்கை ஆடிவந்தவர்கள் மாற்று தேட வேண்டியதாயிற்று. 2010-களின் நடுப்பகுதியிலிருந்து உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் இத்தாலியனின் இந்த மெதுவான வடிவத்தை மிகுதியாக ஆடத் தொடங்கினார்கள். ஆகவே ஒரு கிராமத்து வாசகசாலையில் இதைக் கற்பிப்பது சிறுபிள்ளைத்தனம் ஆகாது. தேர்வு நல்ல தேர்வுதான்.

6. எச்3 பற்றி மட்டும் ஒரு குறிப்பு. கறுப்பின் மந்திரியோ குதிரையோ ஜி4 கட்டத்துக்கு வந்துவிடக்கூடாது என்று பயந்து போடும் நகர்வு இது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. வகுப்பு ஆசிரியர் இதை வேண்டாம் என்று பல தடவை சொல்லியிருக்கிறார். முதலில் கேஸ்லிங், பிறகு தேவை வந்தால் எச்3 என்பது அவர் பாடம். அவள் கேட்கவில்லை. பின்னால் நடந்தது எல்லாம் இந்தக் கேட்காத நகர்வின் மேல்தான் நின்றது என்பதால் இதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஏழாவது நகர்வு

வெள்ளை ராஜாவும் யானையும் இருந்த இடத்திலேயே இருந்தன. இடையில் எஃப்1, ஜி1 இரண்டும் காலி. அவள் எச்1-இல் இருந்த யானையைத் தூக்கினாள். பலகையிலிருந்து அது ஓர் அங்குலம் எழும்பியிருக்கும். இடது கை ராஜாவை நோக்கிப் பாதி வழி வந்துவிட்டது. எதிரிலிருந்தவன் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தினான். யானை இன்னும் அவள் விரல்களுக்கு இடையில்தான் இருந்தது. நான் அந்த மேசைக்குப் போனபோது அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

தலைமை நடுவர் வந்தார். “மோளே, ஏதா ஆத்யம் தொட்டது?” என்று மலையாளத்தில் மென்மையாகக் கேட்டார், எதை முதலில் தொட்டாய் என்று. “யானை சார்” என்றாள். அவர் பார்வை சி4-இல் நின்ற மந்திரியின் மேல் போனது. மலையாளத்தில் ‘ஆன’ (யானை) என்பது அந்தக் காய். இவள் தூக்கியது அவர்களுக்குத் தேர். கையில் யானையை வைத்துக்கொண்டு இவள் இப்படிச் சொன்னதும் மந்திரியையும் தொட்டிருக்கிறாளோ என்று அவருக்கு ஐயம். நான் குறுக்கிட்டு எந்தக் கட்டத்துக் காய் என்று தமிழில் கேட்டேன். “எச்1. கேஸ்லிங் செய்யத்தான் எடுத்தேன்” என்றாள். இதற்குச் சில வினாடிகள்தான் பிடித்தன, ஆனால் பக்கத்து மேசைகளில் ஆட்டம் நின்றுபோயிருந்தது.

அவள் எதையும் மறைக்கவில்லை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். தொடவில்லை என்று அவள் சொல்லியிருந்தால், சாட்சி இல்லாத நிலையில் முடிவு எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

தீர்ப்பும் அதன் அடிப்படையும்

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் கேஸ்லிங் என்பது ராஜாவின் ஒரே நகர்வாகவே எண்ணப்படுகிறது. இரண்டு காய்கள் நகர்ந்தாலும் கணக்கு ராஜாவுடையது. அதனால்தான் ராஜாவை முதலில் தொட வேண்டும். விதி 4.4.2 இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒருவர் வேண்டுமென்றே யானையைத் தொட்டு, அதன் பிறகு ராஜாவைத் தொட்டால், அந்த நகர்வில் அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்ய முடியாது, 4.3.1-இன்படி முதலில் தொட்ட காயையே நகர்த்த வேண்டும். இந்த ஆட்டத்தில் ராஜாவை இன்னும் தொடவே இல்லை, ஆகவே 4.3.1 நேரடியாகவே பொருந்தியது. எண்ணம் என்னவாக இருந்தது என்று விதி கேட்பதில்லை. தற்செயலாகக் கை பட்டதா, காயை எடுக்கத்தான் தொட்டாளா என்பது மட்டுமே கேள்வி. யானை விரல்களுக்கு இடையில் இருந்தது.

தலைமை நடுவர் யானையை நகர்த்தச் சொன்னார். தண்டனையாக நேரம் எதுவும் சேர்க்கப்படவில்லை; முடிக்கப்படாத நகர்வை விதிமீறிய நகர்வாகக் கொள்ள இடமில்லை. கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

இடைவேளையில் செய்தி கேட்ட அப்பாவுக்குக் கோபம். “பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்தில் இது எதற்கு சார்? கேஸ்லிங் என்று அவனுக்கும் தெரியும்தானே?” என்றார். மேல்முறையீடு செய்யலாமா என்றும் கேட்டார். தொட்டதை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள், விதியும் ஐயமற்றது, எதை வைத்து முறையிடுவது என்று விளக்கினேன். அரைமனதோடு விட்டுவிட்டார்.

அந்தப் பையனைப் பற்றி அன்று மண்டபத்துக்கு வெளியே சில கடுமையான பேச்சுகள் காதில் விழுந்தன. எனக்கு அவற்றோடு உடன்பாடு இல்லை. அவன் செய்தது முழுக்க முறையானது: பேசவில்லை, வாதாடவில்லை, கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட்டான். அதுவும் தன் காய் எதையும் தொடுவதற்கு முன்பே. 4.8-இன்படி தான் ஒரு காயைத் தொட்டுவிட்டால் எதிராளியின் தொடுகை பற்றிக் கேட்கும் உரிமை போய்விடும். 1994-இல் லினாரஸ் போட்டியில் காஸ்பரோவ் ஒரு குதிரையை சி5-இல் வைத்துக் கையை எடுத்துவிட்டு, பிறகு எஃப்8-க்கு மாற்றினார். எதிரே இருந்த யூதித் போல்கார் அந்த நேரத்தில் முறையிடவில்லை. காணொளி பின்னால் போல்காருக்குச் சாதகமாகப் பேசியும் ஆட்டம் போனது போனதுதான். 2016-இல் மாஸ்கோவில், உலகச் சாம்பியனை எதிர்ப்பவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் நாகமுரா ராஜாவைத் தொட்டுவிட்டுச் சரிசெய்வதாகச் சொன்னபோது அரோனியன் விடவில்லை. நாகமுரா ராஜாவை நகர்த்தினார், தோற்றார். பெரியவர்கள் மேடையில் செய்யும் ஒன்றைப் பையன் செய்தால் அற்பத்தனம் என்பது என்ன நியாயம்?

மூன்று கட்டங்கள்

எச்1 யானைக்குப் போகக்கூடிய இடங்கள் மூன்று: ஜி1, எஃப்1, எச்2. மூன்றாவதும் கிடைத்ததற்குக் காரணம் எச்3. சிப்பாய் முன்னே போனதால் எச்2 காலி. எங்கே போனாலும் ராஜா பக்கக் கேஸ்லிங் இனி இந்த ஆட்டத்தில் கிடையாது. ராணி பக்கக் கேஸ்லிங் உரிமை மட்டும் மிச்சம். அதற்கு பி1 குதிரை, சி1 மந்திரி, டி1 ராணி மூன்றும் வெளியேற வேண்டும்.

அவள் இருபது நிமிடத்துக்கு அருகில் யோசித்தாள். முதல் சில நிமிடங்கள் பலகையைப் பார்க்கவே இல்லை, பென்சிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று ஐயப்பட்டேன். பிறகு நிமிர்ந்தாள்.

பின்னர் கேட்டபோது அவள் சொன்ன காரணம் இது. எச்2 என்றால் யானை செத்த மாதிரி. எஃப்1 என்றால் கேஸ்லிங் செய்த தோற்றம் இருக்கும். ஆனால் ராஜா உள்ளே போக வேண்டிய வழியை யானையே அடைத்துக்கொள்ளும். ஜி1 என்றால் “ஜி4 போகலாம், எச்3 ஏற்கெனவே இருக்கிறது, அவன் ராஜா அங்கேதான் இருக்கிறான்.”

பதின்மூன்று வயதுக்கு இது நல்ல சிந்தனை. எஃப்1 இயல்பாகக் கையை இழுக்கக்கூடிய நகர்வு; செய்ய நினைத்ததற்கு மிக நெருக்கமாகத் தோன்றுவது அது. அந்த இழுப்பை அவள் மறுத்தாள். எச்3 இல்லாத நிலையில் ஜி1 மோசமான நகர்வாக இருந்திருக்கும்: கறுப்புக் குதிரை ஜி4-க்கு வந்து, சி5 மந்திரியோடு சேர்ந்து எஃப்2 சிப்பாயைத் தாக்கும், அதைக் காக்க யானை எஃப்1-க்குப் போக வேண்டிவரும். ஆசிரியர் வேண்டாம் என்ற நகர்வுதான் இங்கே அந்தக் குதிரையைத் தடுத்தது. அவள் அதை இதற்காகப் போடவில்லை என்பது வேறு கதை.

7. யானை ஜி1

கறுப்பு தவறவிட்டது

ராஜா நடுவில் மாட்டிக்கொண்டு, எதிராளி ஓரத்தில் தாக்கத் தயாராகும்போது நடுவைத் திறக்க வேண்டும் என்பது பழைய பாடம். இங்கே அதன் பெயர் 7... டி5 (எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்வு). சிப்பாய் ஏற்கெனவே டி6-க்குப் போய்விட்டது, இப்போது இன்னொரு நகர்வு செலவாகும். ஆனாலும் செலவுக்கு ஏற்ற பலன் உண்டு. 8. வெள்ளை அடித்தால், 8... குதிரை டி5. அடுத்து எஃப்8 யானை இ8-க்கு வரும், இ5 சிப்பாய் இ4-க்கு முன்னேறும், இ வரிசை வெள்ளை ராஜாவின் எதிரே திறக்கும். வெள்ளை அங்கே 9. ஜி4 போனால் தன் வீட்டுக் கூரையைத் தானே பிரிப்பதாகும்.

பையன் சில வினாடிகளில் 7... எச்6 போட்டான். இத்தாலியனில் மிகச் சாதாரணமான நகர்வு; வெள்ளை மந்திரி ஜி5-க்கு வந்து குதிரையைக் கட்டுவதை (அது விலகினால் பின்னாலிருக்கும் ராணி போய்விடும் என்ற நிலையை) தடுப்பது. வெள்ளை கேஸ்லிங் செய்திருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த நிலையில் அதுதான் ஆட்டத்தின் திருப்பம். எச்6-இல் சிப்பாய் இருந்தால், வெள்ளையின் ஜி சிப்பாய் ஜி5-க்கு வரும்போது முட்டிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கிறது. ஜி வரிசை திறந்தே தீரும், அந்த வரிசையில் யானை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. சிறுமிக்கு நேர்ந்த இக்கட்டைப் பையன் கண்டான். ஆனால் அதனால் பலகை மாறிவிட்டது என்பதைக் காணவில்லை. மனப்பாடமாக வைத்திருந்த வரிசையிலேயே அவன் போய்க்கொண்டிருந்தான்.

ஆட்டத்தின் போக்கு

8. ஜி4 ஏ6
9. ஜி5, எச் சிப்பாய் ஜி5-இல் அடிக்கிறது
10. மந்திரி ஜி5-இல் அடிக்கிறது, மந்திரி இ6
11. பி1 குதிரை டி2, மந்திரி சி4-இல் அடிக்கிறது
12. குதிரை சி4-இல் அடிக்கிறது, பி5
13. குதிரை இ3 பி4
14. குதிரை டி5

8... ஏ6 மந்திரிக்கு ஏ7-இல் இடம் ஒதுக்கும் நகர்வு, அதுவும் மனப்பாடம். அந்த நேரத்தில்கூட 8... டி5 சாத்தியம்தான்.

10-க்குப் பிறகு நிலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். எஃப்6 குதிரையை ஜி5 மந்திரி டி8 ராணியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. வழக்கமாக இந்தக் கட்டை அவிழ்க்கக் கறுப்பு மந்திரியை இ7-க்குக் கொண்டுவரும். ஆனால் கறுப்பு மந்திரி சி5-இல், டி6 சிப்பாய்க்கு வெளியே. தன் சிப்பாயே அதன் திரும்பும் வழியை மூடிவிட்டது. இத்தாலியனின் மெதுவான வடிவத்தில் கறுப்பு எப்போதும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. வெள்ளை மந்திரி எஃப்6 குதிரையை அடித்தால், ஜி7 சிப்பாயால் திருப்பி அடிக்க முடியாது. மந்திரி ஜி வரிசையை விட்டு விலகிய கணமே ஜி1 யானைக்கும் ஜி8 ராஜாவுக்கும் நடுவே மிஞ்சுவது அந்தச் சிப்பாய் ஒன்றுதான். அது பக்கவாட்டில் அசைந்தால் ராஜாவுக்கு செக். ஆக எஃப்6 குதிரைக்கு இரண்டு காவல்கள் இருப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் ராணி ஒன்றுதான். இன்னொரு வெள்ளைக் காய் எஃப்6-ஐக் குறிவைத்தால் குதிரை போய்விடும். 13-இல் குதிரை இ3-க்குப் போனதன் நோக்கம் டி5.

அந்த நேரத்தில் கறுப்புக்கு நல்ல வழி மந்திரியைக் கொடுத்து இ3 குதிரையை ஒழித்துவிடுவது. வெள்ளை எஃப் சிப்பாயால் திருப்பி அடித்து, கட்டையும் விடாமல் வைத்திருக்கலாம். வெள்ளைக்குத்தான் சுலபம் என்றாலும் ஆட்டம் இருக்கும். பையன் பி4 போட்டு சி3 சிப்பாயைத் தாக்கினான். 14. குதிரை டி5 வந்ததும்தான் நிலைமை அவனுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். அதுவரை வேகமாக ஆடியவன் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டான். 14-இல் சிப்பாயால் சி3-ஐ அடித்தான். 15. மந்திரி எஃப்6-இல் அடித்தது. பையனின் கை ஜி7 சிப்பாயை நோக்கி வந்தது. தொடுவதற்கு முன் அந்தரத்தில் நின்றது. திரும்பிப் போய் மேசைக்கு அடியில் மறைந்தது. ராணியால் அடித்தால் டி5 குதிரை ராணியை அடித்துவிடும். அடுத்த நகர்வில் ஜி1 யானை ஜி7-ஐ செக்குடன் அடித்தது. 21-ஆவது நகர்வில் பையன் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தான்.

அவள் ராணி பக்கக் கேஸ்லிங்கும் செய்யவில்லை. ராஜா கடைசி வரை இ1-இலேயே நின்றது.

அன்று மாலை சிலர், தொட்ட காயே அவளுக்கு வெற்றி தேடித் தந்தது என்று பேசிக்கொண்டார்கள். 7... டி5 வந்திருந்தால் இப்படிப் பேச ஆள் இருந்திருக்காது. ஆட்டம் முடிந்ததும் பையன் என்னிடம் வந்து எங்கே தவறினேன் என்று கேட்டபோது நான் காட்டியதும் அந்த நகர்வைத்தான். உடனே புரிந்துகொண்டான்.

மறுநாள்

தீர்ப்பின் பின்விளைவு மறுநாள் காலைச் சுற்றில் வெளிப்பட்டது. இரவு முழுவதும் வீட்டில் இதே பேச்சு. அப்பா, மாமா, அக்காள் எல்லோரும் “யானையை முதலில் தொடாதே” என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். எதைச் செய்யக்கூடாது என்று சொன்னார்கள், எதைச் செய்ய வேண்டும் என்று காட்டவில்லை. கேஸ்லிங் நேரம் வந்தது. இரண்டு கையாலும் ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் தூக்கினாள், ஒரே நேரத்தில் வைத்தாள், கடிகாரத்தை அழுத்தினாள்.

இது வேறு விதிமீறல், போன தடவையைவிடப் பெரியது. ஒவ்வொரு நகர்வையும் ஒரு கையால்தான் செய்ய வேண்டும் (4.1). இரு கைகளால் செய்து கடிகாரத்தையும் அழுத்திவிட்டால், 7.5.4-இன்படி அது விதிமீறிய நகர்வாகவே கருதப்படும். முதல் தடவைக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல். அதே ஆட்டத்தில் இரண்டாவது தடவை நேர்ந்தால் ஆட்டமே போகும். கேஸ்லிங் நிலை அப்படியே நின்றது, எதிராளிக்கு 2 நிமிடம் சேர்க்கப்பட்டது.

இரண்டு நிமிடம் பெரிய இழப்பு அன்று. ஆனால் இன்னொரு தப்பு செய்தால் தோல்வி என்பது அவள் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. காயை அடிக்க வேண்டிய இடங்களில் கை தயங்கியது. எதிராளியின் காயை எடுப்பதற்கு முன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நேரம் கரைந்தது. நல்ல நிலையிலிருந்த, யானைகள் மட்டும் மிஞ்சிய முடிவாட்டத்தை அவசரத்தில் விட்டுத் தோற்றாள். முதல் நாள் தீர்ப்பு அவளுக்குப் புள்ளி எதையும் இழக்கவைக்கவில்லை. இந்தத் திருத்தம் ஒரு புள்ளியைக் கொண்டுபோனது.

செய்த மாற்றங்கள்

போட்டி முடிந்த வாரம் வகுப்பு ஆசிரியர் என்னை அழைத்தார். பிள்ளைகளைப் பலகைகளின் முன் உட்கார வைத்து, காரணம் சொல்லாமல், எல்லோரையும் கேஸ்லிங் செய்யச் சொன்னார். யானையை முதலில் எடுத்தவர்கள் பலர். இரு கைகளையும் நீட்டியவர்களும் இருந்தார்கள். ஒருத்திக்கு மட்டும் வீட்டில் வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது அதே ‘தாண்டி உட்காரும்’ விளக்கம்தான்.

அந்த விளக்கத்தை மாற்றினோம். இப்போது அங்கே சொல்லிக்கொடுப்பது: ராஜா யானையின் பக்கம் இரண்டு கட்டம் போகும், கையை எடுத்துவிட்டு, அதே கையால் யானையை ராஜாவின் மறுபக்கம் வை, பிறகு அதே கையால் கடிகாரம். மற்றக் கை மடியில். வேகம் வரும்வரை இதை மட்டும் பத்து நிமிடம் செய்கிறார்கள். சலிப்பான வேலை. கைப்பேசியில் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது.

இன்னொன்று, நடுவரிடம் பேசும்போது காயின் பெயரோடு கட்டத்தின் பெயரையும் சொல்வது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆடப்போகிற பிள்ளைகளுக்கு எச்1 என்றால் எச்1தான்.

ஓப்பனிங் பாடத்தில் செய்த மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஆசிரியர் அதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் ஏற்றார். இத்தாலியனின் ஆறாவது நகர்வு வரை போய், அங்கே வெள்ளைக்குக் கேஸ்லிங் உரிமை இல்லை என்று வைத்துக்கொண்டு இரு தரப்பிலும் மாறிமாறி ஆட வைப்பது. வெள்ளையில் இருப்பவர்கள் ராஜாவை எங்கே பத்திரப்படுத்துவது என்று தேட வேண்டும். கறுப்பில் இருப்பவர்கள் டி5-ஐக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரத்தில் கறுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எச்6 போட்டார்கள்.

நடுவர்கள் தரப்பிலும் ஒன்று மாற வேண்டும். சிறுவர் போட்டிகளில் முதல் சுற்றுக்கு முன் விதிகளை வாசிக்கிறோம். கைப்பேசியை அணை, பேசாதே, கைகுலுக்கு என்று போகிறது. கேஸ்லிங்கை ஒரு பலகையில் செய்துகாட்ட அரை நிமிடம் ஆகாது. அடுத்த போட்டியில் தலைமை நடுவர் அதைச் செய்தார், மலையாளத்தில் அவரும் தமிழில் நானுமாக.

தீராத ஒன்று

அந்தச் சிறுமி இப்போது 7. யானை ஜி1-ஐ வேண்டுமென்றே ஆடுகிறாள். கைப்பேசியில் அதை வைத்து நிறைய வென்றிருப்பதாகச் சொன்னாள். ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. முதலில் கேஸ்லிங் என்ற அடிப்படையையே அவள் மறந்துவிடுவாள் என்கிறார். எனக்கு அவ்வளவு தீர்மானம் இல்லை. எதிராளி கேஸ்லிங் செய்துவிட்டு எச்6-உம் போட்டிருந்தால் ஜி4 திட்டம் முறையானதே. பெரிய ஆட்டக்காரர்களும் ராஜாவை நடுவில் விட்டுவிட்டு இத்தாலியனில் இப்படித் தாக்கியிருக்கிறார்கள். எச்6 வருவதற்கு முன்பே யானையை ஜி1-இல் வைப்பதுதான் அவளுடைய அவசரம், அதை நானும் சொல்லியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைப் போட்டியில் மறுபடி ஆடினாள். எதிரே இருந்த பெண் சற்று யோசித்து 7... டி5 போட்டாள். இ வரிசை திறந்தது. வெள்ளை 24 நகர்வுகளில் தோற்றது. ஸ்கோர் ஷீட்டை என்னிடம் நீட்டியவள், எட்டாவது நகர்வில் சிப்பாயை அடிக்காமல் ராணியை இ2-க்குக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.